"மனவுறுதி இல்லை" என்று எழுதப்பட்ட பயிற்சி வீரர்: ஒரு நிகழ்வு ஆய்வு

காலாட்படைப் பயிற்சி மையம் ஒன்றில், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனில் நடந்தது இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. பயிற்சி வீரர்கள் இருவர் 'க', 'ம' என்று குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

பயிற்சியின் 9-ஆம் வார முடிவில், 20 வயதான 'க'-வை வெளியேற்றலாம் என்று அவருடைய செக்‌ஷன் பயிற்றுநர் எழுத்து மூலம் பரிந்துரைத்தார். காரணமாக எழுதியிருந்தது ஒரே வரி: "மனவுறுதி இல்லை, அழுத்தம் வந்தால் உறைந்துவிடுகிறார்."

பரிந்துரைக்குக் காரணமானது ஓர் இரவு நேர வழிகாணல் பயிற்சி. மழை. செக்‌ஷனை நடத்திச் செல்லும் பொறுப்பு அன்று 'க'-விடம். முதல் மூன்று கட்டங்களையும் பிழையில்லாமல், குறித்த நேரத்துக்குள் முடித்தார். மூன்றாவது சோதனைப் புள்ளியில், வரிசையில் ஆட்களுக்கு இடையே இருந்த தூரம் குலைந்துவிட்டது என்று பயிற்றுநர் எல்லார் முன்னிலும் கடுமையாகத் திட்டினார். அடுத்த கட்டத்துக்கு 'க' வைத்த திசை நேர் எதிராக, 180 டிகிரி தவறாக இருந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் போன பிறகு பயிற்றுநர் நிறுத்தி, மறுபடி திட்டினார். திசைகாட்டியைக் கையில் பிடித்தபடி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் 'க' அப்படியே நின்றார். பொறுப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்டது.

இதே பயிற்றுநர் இரண்டு வாரம் முன்பு எழுதிய குறிப்பும் கோப்பில் இருந்தது. 20 கிலோ சுமையோடு 20 கிலோமீட்டர் ரூட் மார்ச் (நெடுநடை); இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்த நிலையில் 'க' நான்காவதாக முடித்தார் என்றது அது. ஒரே ஆளைப் பற்றி ஒரே கையால் எழுதப்பட்ட இந்த இரண்டு குறிப்பையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

வெளியேற்றும் அதிகாரம் கம்பெனி எனப்படும் படைப்பிரிவின் தலைவருக்கு. அவர் உளவியலாளரிடமும் மருத்துவ அதிகாரியிடமும் கருத்துக் கேட்டார். "இவருக்கு மனவுறுதி இருக்கிறதா?" என்பது அவர் அனுப்பிய கேள்வி. மதிப்பீட்டுக் குழு அதை இப்படி மாற்றி எழுதி, அவருடைய ஒப்புதலைப் பெற்றது: எந்த நெருக்கடியில் இவருடைய செயல்தரம் நிற்கிறது, எதில் சரிகிறது, சரிவுக்கு வேறு காரணம் உண்டா?

எந்த அளவுகோல், ஏன்

மனவுறுதிக்கு ஒரே வரையறை கிடையாது. சுசான் கோபாசா 1979-இல் முன்வைத்த 'திண்மை' என்ற கருத்து ஈடுபாடு, கட்டுப்பாடு, சவால் என்ற மூன்றைப் பேசியது. 2002-இல் பிரிட்டனில் வந்த 48 கேள்வி கொண்ட வினாத்தாள் அவற்றோடு தன்னம்பிக்கையைச் சேர்த்து நான்காக்கியது. 2007-இல் ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் விடாமுயற்சியை அளந்து, முதல் கோடைக்காலப் பயிற்சியில் யார் தாக்குப்பிடிப்பார் என்பதை அகாடமியின் சொந்தத் தேர்வு மதிப்பெண்ணைவிட அது நன்றாகக் காட்டியது என்று கண்டார்கள்.

இவை எல்லாம் வீரரே தன்னைப் பற்றி நிரப்பும் வினாத்தாள்கள். வேலை போகுமா இருக்குமா என்ற நிலையில் இருப்பவரிடம் "நெருக்கடியில் நான் நிதானமாக இருப்பேன்" என்ற வரியைக் கொடுத்தால் அவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார் என்பதில் சந்தேகமே வேண்டாம். அதனால் பயிற்றுநர் பார்த்து மதிப்பிடும் கருவி ஒன்றைக் குழு எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் காலாட்படைப் பயிற்சி வீரர்களிடம் உருவாக்கப்பட்டு 2015-இல் வெளியான அது, ஆறே வரி கொண்டது. ஒவ்வொரு வரியும் ஒரு சூழலைச் சொல்லும்: அண்மைச் செயல்பாடு மோசமாக இருந்தபோது, வலி இருக்கும்போது, கண்டிக்கப்பட்ட அல்லது தண்டிக்கப்பட்ட பிறகு, களச்சூழல் கடினமாக இருக்கும்போது, நன்றாகச் செய்தே ஆகவேண்டிய தேர்வில், போதிய தூக்கம் இல்லாதபோது. அந்தச் சூழலிலும் ஆள் தன் செயல்தரத்தை எவ்வளவு தக்கவைக்கிறார் என்று 1 முதல் 7 வரை எண் இட வேண்டும். ஆளை வெளியேற்ற இதில் ஒரு வெட்டு மதிப்பெண் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதலிலேயே கம்பெனித் தலைவருக்குச் சொல்லியாயிற்று.

கவனிக்கப்பட்டவை

மருத்துவப் பரிசோதனையில் காய்ச்சல், காது, கண், எடை எதிலும் குறை இல்லை. மருத்துவ நேர்காணலில் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, பழைய அதிர்ச்சி ஆகியவற்றுக்கான அறிகுறியும் இல்லை. இதை முதலில் செய்தாக வேண்டும். உறைந்து நிற்பது ஒரு நோயின் முகமாகவும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த படிகள் எல்லாமே வேறு.

பிறகு தூக்கம். முந்தைய பத்து இரவுகளின் கணக்கை வீரரின் வாய்மொழியை மட்டும் நம்பாமல், சென்ட்ரி (காவல்) டியூட்டிப் பட்டியல், தண்டனைப் பதிவேடு, பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னது மூன்றையும் ஒப்பிட்டு எடுத்தார்கள். காகிதத்தில் இரவு 10.30-க்கு விளக்கணைப்பு, காலை 5.30-க்கு எழுப்புதல், ஏழு மணி நேரம். உண்மையில் 'க' தூங்கியது சராசரியாக 4 மணி 40 நிமிடம். செக்‌ஷனின் மற்றவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஏன் இவருக்கு மட்டும் இவ்வளவு குறைந்தது என்று தேடியபோது கதை தெளிவாயிற்று. 7-ஆம் வார ரூட் மார்ச்சுக்கு மறுநாள் பூட்ஸ் ஈரமாக இருந்ததால் கிட் ஆய்வில் (உடை, உபகரணங்களின் பரிசோதனையில்) தோற்றார். தோற்றவர்களுக்கு இரவு 11.30-க்கு மறு ஆய்வு. அதோடு, கூடுதல் தண்டனையாக நள்ளிரவு 1 முதல் 3 வரையிலான சென்ட்ரி. நடுவில் உடைக்கப்பட்ட தூக்கம். மறு ஆய்வுக்குப் பயந்து 4.30-க்கே எழுந்து மடிப்புச் சரிசெய்தல். தூக்கம் குறைந்ததால் அடுத்த ஆய்விலும் ஒரு பொருள் விடுபடுதல். மறுபடி மறு ஆய்வு, மறுபடி நடுச்சாமக் காவல். பத்து இரவில் ஐந்தில் மறு ஆய்வு, நான்கில் அந்த 1–3 காவல். தண்டனை இரண்டும் ஒரே பையிலிருந்து, தூக்கத்திலிருந்து, எடுக்கப்பட்டவை. வழிகாணல் பயிற்சி நடந்தது அந்தப் பத்தாவது இரவில்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2003-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை நல்ல அளவு. இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவுகள் முழுவதும் விழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கின. அவர்களோ தங்கள் சரிவைப் பெரும்பாலும் உணரவில்லை. 'க'-விடம் "தூக்கம் போதவில்லையா?" என்று கேட்டபோது வந்த பதிலும் "பழகிடுச்சு சார்" என்பதுதான். அந்தப் பதிலைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து மூன்று பயிற்றுநர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், ஆறு வரி மதிப்பீட்டை நிரப்பினார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு சான்று வரி கட்டாயம்: எந்த நாள், என்ன வேலை, என்ன நடந்தது. சான்று இல்லாத எண் கணக்கில் சேராது. இந்த நிபந்தனையால் படிவம் நிரப்ப நேரம் இரட்டிப்பானது. முணுமுணுப்பும் எழுந்தது. ஆனால் "இவன் எப்பவுமே இப்படித்தான்" வகை எண்கள் இதனால்தான் உதிர்ந்தன.

மூவர் எண்ணையும் சேர்த்துப் பார்த்தபோது 'க'-வுக்கு வந்தவை: வலியில் 6, கடினக் களத்தில் 6, மோசமான செயல்பாட்டுக்குப் பின் 4, தேர்வு அழுத்தத்தில் 4, கண்டிப்புக்குப் பின் 2, தூக்கமின்மையில் 2. சராசரி 4. அந்த 4 என்ற எண்ணை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் "நடுத்தரம்" என்று படித்திருப்பார்கள். எதுவும் தெரிந்திருக்காது.

கடைசியாகத் திசைகாட்டிச் சோதனை. இரண்டு இரவு முழுத் தூக்கம் கொடுத்த பிறகு நடந்தது. ஒரு நிலைக்கு ஆறு திசைகள். வரைபடத்திலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி நின்று காட்ட வேண்டும். அமைதியான நிலையில் ஆறும் சரி. நேர வரம்பு வைத்தபோதும் ஆறும் சரி. ஒவ்வொரு திசைக்கும் முன் வேறொரு பயிற்றுநர் உரக்க, பொதுவாகத் திட்டியபோது மூன்று சரி, மூன்று தவறு. தவறில் இரண்டு அதே 180 டிகிரி. அதே குரல் அளவில், ஆனால் "முள்ளைப் பார், வடக்குக் கோடு எங்கே?" என்று வேலையைக் குறிப்பிட்டுச் சொன்னபோது ஐந்து சரி. ஒரே ஆளிடம், ஒரே வரிசையில் நடத்திய சோதனை என்பதால் பழக்கத்தின் பங்கை ஒதுக்க முடியாது. ஆனாலும் உரத்த குரல் மட்டும் காரணமல்ல என்று கருத இது போதும்.

பிழை எங்கே நுழைகிறது என்பதையும் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. தட்டுத் திசைகாட்டியில் ஓரத்தைப் பயணக் கோட்டின் மேல் வைத்து, வட்டைத் திருப்பி, உள்ளே இருக்கும் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்க வேண்டும். கோடுகள் இணையாவது இரண்டு நிலையில் நடக்கும்: வட்டின் அம்பு வடக்கைப் பார்க்கும்போதும், தெற்கைப் பார்க்கும்போதும். அம்பைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் 180 டிகிரி பிழை. அமைதியாக இருந்தபோது 'க' ஒவ்வொரு தடவையும் முதலில் "தென்கிழக்கு மாதிரி" என்று உத்தேசத் திசையைத் தனக்குத்தானே முணுமுணுத்தார். பொதுத் திட்டு விழுந்த பிறகு அந்த முணுமுணுப்பு நின்றது. கண் திசைகாட்டியை விட்டு, திட்டியவரின் முகத்துக்கும் பூட்ஸுக்கும் போய்ப் போய் வந்தது. கட்டைவிரல் மட்டும் வட்டை வேகமாகத் திருப்பியது. கவலையும் கணக்கும் ஒரே குறுகிய வேலை நினைவில்தான் இடம் தேட வேண்டும். முதலில் வெளியே தள்ளப்படுவது சரிபார்ப்புப் படி.

செக்‌ஷனின் உறுதியான ஆள்

'க'-வைத் தனியே பொறுக்கி எடுத்ததுபோல் தெரியக் கூடாது என்பதற்காக, தூக்கக் கணக்கும் மருத்துவப் பரிசோதனையும் ஆறு வரி மதிப்பீடும் செக்‌ஷன் முழுவதற்கும் செய்யப்பட்டன. அதில்தான் 'ம' பற்றிய செய்தி வந்தது.

'ம' பயிற்றுநர்கள் உதாரணம் காட்டும் வீரர். வலி வரியில் மூவரும் அவருக்கு 7 போட்டிருந்தார்கள். சான்று வரிகளை அடுக்கிப் பார்த்தபோது மூன்றும் ஒரே மாதிரி இருந்தன: "நொண்டினான், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான், முடித்தான்." நொண்டுவதை மூன்று பேர், மூன்று வெவ்வேறு நாளில் பார்த்திருக்கிறார்கள். யாரும் மருத்துவரிடம் அனுப்பவில்லை.

இடுப்புக்கும் தொடைக்கும் இடையே, கவட்டுப் பகுதியில் வலி, இரண்டு வாரத்துக்கு மேலாக இருப்பதை 'ம' தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நடக்க ஆரம்பித்தால் கூடும், படுத்தால் குறையும். கூட இருந்தவர்களிடம் வலி மாத்திரை வாங்கி மார்ச் நாட்களில் போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவ அதிகாரி அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தார். வலி அங்கேயே வந்தது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லவில்லை. தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த விரிசல் இருந்தால், அந்த ஒரு குதியே விரிசலை முழு முறிவாக்கிவிடலாம். எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. இத்தகைய விரிசலின் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது வழக்கம். அதைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. எம்ஆர்ஐ ஸ்கேனில் எலும்புக் கழுத்தின் கீழ்ப்புறம் விரிசல் தெரிந்தது. எலும்பு விலகவில்லை. கீழ்ப்புறம் அழுத்தம் தாங்கும் பக்கம் என்பதால் ஊன்றுகோலும் ஓய்வும் போதும் என்று முடிவாயிற்று. மேற்புறமாக இருந்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கும். விலகிப்போய் எலும்புத் தலைக்கு ரத்தம் தடைப்பட்டால் வாழ்நாள் ஊனம்கூட வரலாம்.

வெளியேற்றப் பரிந்துரைக்கப்பட்டவர் 'க'. பாராட்டுக் குறிப்பு எழுதப்பட்டிருந்தவர் 'ம'. இருவரில் அன்றைக்கு அவசர ஆபத்தில் இருந்தவர் 'ம'.

கருவியைக் குறை சொல்ல முடியாது. அதன் வலி வரி கடும் உழைப்பில் வரும் வலியை உதாரணமாகச் சொல்கிறது. பயிற்றுநர்கள் காயத்தின் வலியையும் அதே வரியில் போட்டு, மறைத்ததற்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள்.

எடுத்த முடிவுகள்

'க'-வின் வெளியேற்றப் பரிந்துரை மூன்று வாரம் தள்ளிவைக்கப்பட்டது. ரத்து செய்யவில்லை. தூக்கம் சீரான பிறகும் அதே சரிவு இருந்தால் அப்போது அது வேறு கேள்வி.

தூக்கம் செக்‌ஷன் முழுவதற்கும் சரிசெய்யப்பட்டது. களப்பயிற்சி இல்லாத நாட்களில் ஏழு மணி நேரம் படுக்கை உறுதி. கிட் மறு ஆய்வு மதிய உணவுக்குப் பிந்தைய இடைவேளைக்கு மாற்றம். சென்ட்ரி சுழற்சி முறையில் மட்டும், தண்டனையாக அல்ல. பல செக்‌ஷன்கள் சேர்ந்த பிளட்டூனின் தலைவர் இதை எதிர்த்தார். "சண்டை நடக்கும்போது ஏழு மணி நேரம் யார் கொடுப்பார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். தூக்கமின்மைக்குப் பழகி அதில் நன்றாகச் செயல்படும் உடம்பு உருவாவதில்லை. வாரக்கணக்கில் குறைத்துக் கொடுப்பதால் வீரர் உறுதியாவதில்லை, கற்றுக்கொள்வதுதான் குறைகிறது. பயிற்சி கொடுக்கக்கூடியது வேறு: தூக்கமில்லாதபோது இருவர் சரிபார்ப்பது, எழுதி வைத்துப் படிப்பது, கிடைக்கும் இருபது நிமிடத்தில் கண்ணயர்வது, காஃபினை அளவோடு பயன்படுத்துவது. அமெரிக்கக் கடற்படையின் சீல் சிறப்புப் படைக்குப் பயிற்சி பெறுவோரிடம் 72 மணி நேர விழிப்புக்குப் பிறகு நடத்திய ஆய்வில் 200 மில்லிகிராம் காஃபின் விழிப்புக் கவனத்தை மீட்டது. 300-இல் அதற்கு மேல் பெரிய ஆதாயம் இல்லை. ஆகவே தூக்கமில்லாத பயிற்சி நீக்கப்படவில்லை. திட்டமிட்ட களப்பயிற்சிக்குள் வைக்கப்பட்டது. பாசறை நாட்களில் தற்செயலாக நடக்கும் இழப்பு மட்டும் நிறுத்தப்பட்டது.

'க'-வுக்கான திறன் பயிற்சி, டொனால்ட் மைக்கன்பாம் வகுத்த அழுத்தத் தடுப்புப் பயிற்சியின் மூன்று கட்ட வரிசையில் அமைந்தது: என்ன நடக்கிறது என்று புரியவைத்தல், திறனைக் கற்றுத் தேறல், படிப்படியாக ஏறும் அழுத்தத்தில் பயன்படுத்தல். முதல் கட்டம் ஒரே அமர்வு. சோதனையில் எடுத்த குறிப்புகளையே காட்டி, கண் எங்கே போகிறது, எந்தப் படி விடுபடுகிறது என்று சொன்னார்கள். "எனக்குத் தைரியம் இல்லைன்னு நினைச்சேன்" என்றார். குறையுள்ளது ஒரு படியில் என்று தெரிந்ததே அவருக்குப் பாதி வேலையை முடித்தது என்பது உளவியலாளரின் கணிப்பு.

இரண்டாம் கட்டத்தில் கற்றுக்கொடுத்தது நீளமான வெளிமூச்சு ஒன்று, பிறகு வாய்விட்டுச் சொல்லும் நான்கு சொல்: "உத்தேசம், அம்பு, கோடு, முள்." உத்தேசத் திசை என்ன, வட்டின் அம்பு வடக்கைப் பார்க்கிறதா, கோடு இணையா, சிவப்பு முள் அம்புக்குள் வந்துவிட்டதா. ரைஃபிளைத் திசைகாட்டியிலிருந்து தள்ளிப் பிடிப்பதும் இதிலேயே சேர்க்கப்பட்டது. அதன் இரும்பு முள்ளை இழுக்கும். கண்டிப்பு விழுந்தால் உடனே செய்வது இன்னொன்று: சொன்னதை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்வது ("ஆட்களுக்கிடையே பத்து மீட்டர், சரி சார்"), பிறகு முதல் சொல்லான "உத்தேசம்" தொடங்குவது. திருப்பிச் சொல்லும்போது கண்டிப்பு ஒரு கட்டளையாகிவிடுகிறது. மனதில் சுழல மிச்சம் குறைவு.

இங்கே வழக்கமாகத் தவறுவது இரண்டு இடத்தில். நான்கு எண்ணி இழுத்து, நான்கு பிடித்து, நான்கு விட்டு, நான்கு நிறுத்தும் மூச்சுமுறை வகுப்பறையில் நன்றாக வரும். சுமையோடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரால் நான்கு எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கவே முடியாது, முயன்றால் பதற்றம் கூடும். அதனால் களத்துக்கு வெளிமூச்சு மட்டும். இரண்டாவது, "என்னால் முடியும்" போன்ற ஊக்கச் சொற்கள். சுமை தூக்கும் இடத்தில் அவை உதவலாம். நுட்பமான கைவேலையில் அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் சொற்களே பலன் தருகின்றன.

மூன்றாம் கட்டம் ஏணி. உட்கார்ந்து, நின்று, சுமையோடு, ஓடிவந்த உடனே, இருட்டில், உரத்த குரலில், கடைசியாகச் செக்‌ஷன் முன்னிலையில் தவறுக்கு உண்மையான விளைவோடு. ஆறில் ஐந்து சரியானால் அடுத்த படி; மூன்றுக்குக் குறைந்தால் ஒரு படி கீழே.

பயிற்றுநருக்கும் ஒரு மாற்றம் சொல்லப்பட்டது. குரலைத் தாழ்த்தச் சொல்லவில்லை. திட்டில் மூன்று இருக்க வேண்டும்: என்ன தவறு, இப்போது என்ன செய்ய வேண்டும், எப்போது மறுபடி பார்ப்பேன். கண்டிப்பையும் தண்டனையையும் பயிற்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று குழு கருதவில்லை. இங்கிலாந்தின் இளம் கிரிக்கெட் வீரர்களிடம் இரண்டு ஆண்டு நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், தோற்றால் தண்டனை என்ற சூழலே பயன்படுத்தப்பட்டது. ஆனால் அதைச் சமாளிக்கும் திறனும் கூடவே கற்பிக்கப்பட்டது, நடத்தியவர்கள் வீரர்கள் பக்கம் நின்றார்கள். அந்த இரண்டும் சேர்ந்தபோது அழுத்தத்தில் செயல்பாடு உயர்ந்தது.

உறைந்து நிற்கும் தோழரை மீட்கும் ஆறு படி முறையும் செக்‌ஷன் முழுவதற்கும் கற்பிக்கப்பட்டது. இஸ்ரேல் ராணுவத்தில் தோன்றி, அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட முறை அது: உறைந்ததை அடையாளம் காண், கண் பார்த்து அல்லது தொட்டுத் தொடர்பு ஏற்படுத்து, கூட இருக்கிறேன் என்று சொல், எளிய உண்மைக் கேள்வி இரண்டு மூன்று கேள், நடந்தது–நடப்பது–நடக்கப்போவது சொல், ஒரு வேலை கொடு. ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இதில் ஆறுதல் பேச்சுக்கு இடமில்லை; "எப்படி உணர்கிறாய்" என்ற கேள்வியும் கிடையாது. நோக்கம், ஆளை யோசிக்கும் நிலைக்குத் திருப்புவது மட்டும்.

பின்னர் நடந்தவை

12-ஆம் வாரத்தில் மறுபடி ஆறு வரி மதிப்பீடு எடுத்தபோது 'க'-வின் கண்டிப்பு வரி 4 ஆகியிருந்தது, தூக்க வரி 3. கிட் ஆய்வில் இரண்டே தடவை தோற்றார். வெளியேற்றப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது.

13-ஆம் வாரத்தில் ஒரு பின்னடைவு. பார்வையிட வந்த வேறு கம்பெனி அதிகாரி ஒருவர், புதிய ஏற்பாடு எதுவும் தெரியாமல், பழைய பாணியில் திட்டினார். 'க' நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தோளில் கை வைத்து, "என்னைப் பாரு. நான் இங்கதான் இருக்கேன். கையில என்ன வச்சிருக்க?" என்றார். "காம்பஸ்." "அம்பு எந்தப் பக்கம் இருக்கு?" பதில் வர இரண்டு மூன்று நொடி ஆனது. "திட்டினாங்க, முடிஞ்சுது. இப்ப அடுத்த கட்டம். உத்தேசம் சொல்லு." 'க' சொன்னார். மொத்தம் 40 நொடி போயிருக்கும். அந்தக் கட்டத்துக்கான நேர வரம்பைத் தவறவிட்டார்கள், திசை சரி. ஏணியில் எப்போதும் தெரிந்த முகங்களே திட்டிக்கொண்டிருந்தது இங்கே வெளிப்பட்டது. அடுத்த வாரம் முதல் வேறு செக்‌ஷன் பயிற்றுநர்கள் மாறி மாறி வந்தார்கள்.

இறுதிக் களப்பயிற்சியில் இரவுக்கு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு 'க' நான்கு கட்டங்கள் வழிநடத்தினார். ஒன்றில் திசை தவறு. கூட்டாளியின் இரண்டாவது சரிபார்ப்பில் கால் எடுத்து வைக்கும் முன்பே பிடிபட்டது. பிளட்டூனில் நடுவுக்குச் சற்றுக் கீழே தேறினார். படையணியில் சேர்ந்து ஆறு மாதத்துக்குப் பின் வந்த அறிக்கை, களத்தில் நம்பகமானவர், கிட் ஆய்வில் இன்னும் சுமார் என்கிறது.

'ம' ஊன்றுகோலில் ஆறு வாரமும் காயமடைந்தவர்கள் தேறுவதற்கான மீட்புப் பிளட்டூனில் பல வாரமும் இருந்து, பிந்தைய அணியோடு சேர்ந்து முடித்தார். மீட்புப் பிளட்டூனின் முதல் மாதம் அவருக்கு மார்ச்சைவிடக் கடினமாக இருந்தது. நாளெல்லாம் சும்மா இருக்கவேண்டிய நிலையில் எரிச்சலும் தூக்கக் குறைவும் வந்தன. இரண்டு தடவை ஊன்றுகோல் இல்லாமல் நடந்து பிடிபட்டார். செய்துகொண்டே இருப்பதில் அவருடைய உறுதி இருந்தது, காத்திருப்பதில் இல்லை. வானொலித் தொடர்பு வகுப்பில் சேர்த்த பிறகு அது அடங்கியது.

'க'-வின் முன்னேற்றத்தில் தூக்கத்தின் பங்கு எவ்வளவு, திறன் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. கிட் ஆய்வில் தோல்வி மொத்தச் செக்‌ஷனுக்கும் குறைந்தது என்பதை வைத்துப் பார்த்தால், தூக்கத்தின் பங்கு சிறியதல்ல என்றுதான் படுகிறது.

மாற்ற வேண்டியவை

மனவுறுதி பற்றிய புகார் எதுவும் பத்து இரவுத் தூக்கக் கணக்கு இணைக்கப்படாமல் மேலே போகக் கூடாது. சென்ட்ரிப் பட்டியலும் தண்டனைப் பதிவேடும் கையில் இருந்தால் இதற்கு அரை மணி நேரம் போதும். பயிற்றுநர்களின் தூக்கத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். இந்தச் செக்‌ஷன் பயிற்றுநர் அந்தப் பத்து நாட்களில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் தூங்கிய இரவுகள் குறைவு, மறு ஆய்வை நடத்தியவரும் அவர்தானே.

வலி வரியை இரண்டாக்கலாம்: உழைப்பு வலியில் தொடர்ந்தாரா, காய வலியை உரிய நேரத்தில் சொன்னாரா. இரண்டாவதற்குச் சொன்னவருக்கே உயர்ந்த எண். நொண்டுவதைப் பார்த்த பயிற்றுநர், ஆள் மறுத்தாலும், அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கவட்டு வலியோடு நடப்பவரிடம் இதில் விருப்பத் தேர்வே கிடையாது. மருத்துவரிடம் போன எண்ணிக்கையை நடத்தைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும். அது அங்கே இருக்கும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 'ம' மறைத்ததற்குச் சொன்ன காரணமும் அதுவே.

தண்டனைப் பட்டியலைத் தனியே எடுத்து, தூக்கத்தைத் தொடும் ஒவ்வொன்றையும் அடிக்க வேண்டும். மிஞ்சுபவை போதுமானவை.

ஆறு வரி எண்கள் படையணிக்கு அனுப்பப்படவில்லை. "கண்டிப்பில் 2" என்ற ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், அந்த வீரர் போகும் இடமெல்லாம் அது முன்னே போய் நிற்கும். அதற்குப் பதில், 'க' ஒப்புக்கொண்ட அரைப் பக்கக் குறிப்பு போனது: எதில் வலுவானவர், தவறைச் சுட்டும்போது வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லவும், இரவு வழிகாணலில் இரண்டாவது சரிபார்ப்பாளர் இருக்கட்டும். அந்தக் கடைசி வரியைப் படையணித் தலைவர் தன் எல்லாச் செக்‌ஷன்களுக்கும் விதியாக்கினார்.